மீட்புக்கு முன் நகல்: பழுதாகும் வன்தட்டை அறிகுறி பார்த்துப் பிரதியெடுக்கும் முறை

பழுதாகி வரும் ஒரு வன்தட்டை இன்னும் எத்தனை முறை படிக்க முடியும் என்பது அதைத் தயாரித்தவர்களுக்கும் தெரியாது. கோப்புறையைத் திறந்து எட்டிப் பார்ப்பது, மீட்பு மென்பொருளை இரவு முழுவதும் தேடவிடுவது, தட்டுப் பிழைகளைத் திருத்தும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டுவது ஆகிய எல்லாமே அளவு தெரியாத அந்தக் கையிருப்பிலிருந்துதான் செலவாகின்றன. ஆகவே தட்டு இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கிடைக்கும் முதல் முழுச் சுற்றை நகல் எடுப்பதற்கு ஒதுக்கிவிட வேண்டும். தேடுவதோ, பழுது பார்ப்பதோ, சோதித்துப் பார்ப்பதோ, எதுவானாலும் அந்த நகலின் மீது செய்ய வேண்டும் என்பதே இந்த வழிமுறையின் அடிப்படை.

இங்கே நகல் என்று சொல்வது கோப்புகளைத் தேர்ந்தெடுத்து இன்னொரு டிரைவில் ஒட்டுவதை அல்ல. அப்படிச் செய்யும்போது ஒவ்வொரு கோப்புக்கும் தட்டைப் படிக்கும் முனையான ஹெட், அட்டவணைப் பகுதிக்கும் தரவுப் பகுதிக்குமாக ஓடி ஓடித் திரும்புகிறது. நொந்துபோன ஹெட்டுக்கு அதைவிடப் பெரிய வேலை இல்லை. கோப்பு முறைமை எது என்று பாராமல், தட்டின் சிறு சேமிப்புக் கட்டங்களான செக்டர்களில் முதலாவதிலிருந்து கடைசி வரை இடம் மாறாமல் எடுக்கப்படும் பிரதியே நமக்குத் தேவை. இதற்கு நான் பயன்படுத்துவது குனு டிடிரெஸ்க்யூ. அன்டோனியோ டியாஸ் டியாஸ் 2004 முதல் எழுதிவரும் கட்டற்ற மென்பொருள் இது. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் இதன் பொதியின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ என்று இருக்கும். பெயரின் நடுவே அடிக்கோடு போட்ட இன்னொரு டிடி_ரெஸ்க்யூ உண்டு. அது வேறொருவர் எழுதிய வேறு நிரல், கட்டளையோடு கொடுக்கும் அதன் விருப்பங்களும் (ஆப்ஷன்) வேறு. வெறும் டிடி கட்டளை இந்த வேலைக்கு ஆகாது. முதல் படிப்புப் பிழையிலேயே அது நின்றுவிடும். பிழையைப் பொருட்படுத்தாமல் தொடரும்படி சொல்லி, விடுபட்ட இடத்தைச் சுழியங்களால் நிரப்பும்படி சொல்ல மறந்தால், அதற்குப் பின் வரும் தரவு முழுவதும் இடம் நகர்ந்து நகலே பயனற்றுப் போகும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

நகல் போய்ச் சேரும் தட்டு மூலத்தைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். 1 டெராபைட் என்று எழுதிய பெரும்பாலான வன்தட்டுகளில் 512 பைட் கொண்ட 195,35,25,168 செக்டர்கள் இருக்கும். அதன் பிம்பத்தை ஒரே கோப்பாக இன்னொரு 1 டெராபைட் தட்டில் வைக்க இயலாது. ஏனெனில் அங்குள்ள கோப்பு முறைமையும் தனக்கென்று இடம் எடுத்துக்கொள்ளும். 2 டெராபைட் தட்டு ஒன்றை வாங்கி, அதை எக்ஸ்ட்4 ஆகவோ என்டிஎஃப்எஸ் ஆகவோ ஃபார்மட் செய்து, மூலத்தை ஓர் இமேஜ் கோப்பாக எடுப்பதே வசதியானது. ஃபேட்32 என்றால் 4 ஜிகாபைட்டை எட்டியதும் கோப்பு நின்றுவிடும்.

தட்டை மதர்போர்டின் சாட்டா இணைப்பில் நேரடியாகப் பொருத்துங்கள். யூஎஸ்பி உறைக்குள் யூஎஸ்பியையும் சாட்டாவையும் இணைக்கும் சிறிய பாலச் சில்லு, தட்டு திணறும்போது தானும் திணறி இணைப்பையே அறுத்துவிடும். யூஎஸ்பி இணைப்பே பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும் கையடக்க வகைகளில் மட்டும் வேறு வழியில்லை.

கணினியை அதன் வழக்கமான விண்டோஸில் துவக்காமல், பென் டிரைவிலிருந்து சிஸ்டம்ரெஸ்க்யூ போன்ற லினக்ஸில் துவக்குங்கள். விண்டோஸ் தட்டைக் கண்டவுடனே அதில் எழுதத் தொடங்கும். சமயத்தில் கேட்காமலே செக்டிஸ்க்கையும் ஓட்டும். டெஸ்க்டாப் வகை லினக்ஸாக இருந்தால், செருகியதும் தட்டைத் தானாகத் திறந்து இணைக்கும் (மவுன்ட் செய்யும்) அமைப்பை முதலில் நிறுத்திவிடுங்கள். பிறகு பிளாக்டெவ் கட்டளையால் மூலத் தட்டைப் படிக்க மட்டும் என்று பூட்டலாம். இது லினக்ஸின் மையமான கர்னல் அளவில் போடும் பூட்டுதான் என்றாலும் கைத்தவறுக்கு ஒரு தடை.

கைத்தவறு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த வேலையில் நடக்கக்கூடிய மிகப் பெரிய விபத்து வன்பொருளால் வருவதில்லை. மூலத்தையும் இலக்கையும் மாற்றி எழுதி, வெற்றுத் தட்டைக் கொண்டு தரவுத் தட்டை மூடிவிடுவதால் வருகிறது. டிடிரெஸ்க்யூவில் மூலம் முதலில், இலக்கு இரண்டாவது, எது வந்தது எது வரவில்லை என்று குறித்து வைக்கும் மேப் கோப்பு மூன்றாவது. எஸ்டிபி, எஸ்டிசி என்று கர்னல் சூட்டும் பெயர்கள் அடுத்த முறை துவக்கும்போது இடம் மாறக்கூடும் என்பதால் அவற்றை நம்பாதீர்கள். எல்எஸ்பிஎல்கே கட்டளையில் மாடலையும் தொடர் எண்ணையும் வரவழைத்து, தட்டின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொடர் எண் கொண்டு பெயரிடப்படும் 'பை-ஐடி' அடைவிலுள்ள முகவரியையே கட்டளையில் எழுதுங்கள். நான் தொடர் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, எண்டர் தட்டும் முன் வாய்விட்டு ஒருமுறை படிப்பேன். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும், பரவாயில்லை.

தட்டு 'டக், டக்' என்று அடிக்கிறது, அல்லது சுழலவே இல்லை

முதலில் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். 2.5 அங்குலத் தட்டு யூஎஸ்பி வழியாக வரும் 5 வோல்ட்டை மட்டும் நம்பி ஓடுகிறது. கேபினெட்டின் முன்பக்கத் துளையிலோ நீளமான கேபிளிலோ செருகினால், சுழலத் தேவையான மின்னோட்டம் போதாமல் அதுவும் இதே ஓசையை எழுப்பும். பின்பக்கத் துளையில் குட்டைக் கேபிளோடு ஒரே ஒரு முறை செருகிப் பாருங்கள். 3.5 அங்குலத் தட்டுக்கு 12 வோல்ட்டும் வேண்டும். அதன் அடாப்டர் நொந்திருந்தாலும் தட்டு எழ முயன்று எழ முயன்று விழும்.

மின்சாரம் சரியாக இருந்தும் ஓசை தொடர்ந்தால் ஹெட் பழுது என்று கொள்ளலாம். தட்டின் பரப்புக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி சில நானோமீட்டர் மட்டுமே. சிதைந்த ஹெட் அந்த இடைவெளியைக் காக்க முடியாமல் காந்தப் பூச்சைச் சுரண்டினால், சுரண்டிய இடத்தில் இருந்த தரவை எந்த ஆய்வகமும் திரும்பத் தராது. இந்த நிலையில் எந்த மென்பொருளுக்கும் வேலையில்லை. மின்சாரத்தைத் துண்டித்து, தட்டை நிலைமின் தடுப்பு உறையில் வைத்து, தூய அறை வைத்திருக்கும் மீட்பு ஆய்வகத்தை அணுகுங்கள். முனகுவது போன்ற மெல்லிய பீப் ஒலிக்கும் இதே முடிவுதான். அது பெரும்பாலும் ஹெட் பரப்பில் ஒட்டிக்கொண்டு மோட்டாரைச் சுழலவிடாமல் பிடித்திருப்பதன் ஓசை. ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். குளிர்ந்த தட்டு வெளிக்காற்றைக் கண்டதும் அதில் ஈரம் படியும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

ஓசையே இல்லாமல் முற்றிலும் அமைதியாகக் கிடந்தால் மின்சுற்றுப் பலகை பழுதாகியிருக்கலாம். அதே மாடலின் வேறொரு பலகையை மாட்டினால் ஓடிவிடும் என்பது பழைய தட்டுகளுக்குப் பொருந்திய உத்தி. பிந்திய தட்டுகளில், அந்தந்தத் தட்டுக்கென்றே தொழிற்சாலையில் அளந்து எழுதிய திருத்த மதிப்புகள் பலகையிலுள்ள ஒரு நிலைநினைவகச் சில்லில் இருக்கும். அதைப் பெயர்த்து மாற்றாமல் பலகையை மட்டும் மாற்றுவதில் பலனில்லை.

'இந்த டிரைவை ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் கேட்கிறது

வேண்டாம் என்று சொல்லி வெளியேறுங்கள். கோப்பு முறைமையின் தொடக்கப் பகுதியைப் படிக்க முடியவில்லை என்பது மட்டுமே இந்தக் கேள்வியின் பொருள். தரவு பெரும்பாலும் அப்படியே இருக்கும். கேபிளைப் பிடுங்கும் முன் கணினியை முறையாக அணையுங்கள்.

இந்த இடத்தில் பலரும் செய்வது செக்டிஸ்க்கை ஓட்டுவது. என்னிடம் வந்த 500 ஜிகாபைட் மடிக்கணினித் தட்டு ஒன்றில் அது மூன்று முறை ஓடி முடிந்திருந்தது. கோப்புறைகளின் பெயர்கள் மறைந்து, ஃபவுண்ட் என்று தொடங்கும் அடைவுகளுக்குள் சிஎச்கே என்று முடியும் பெயரற்ற துண்டுகளாகப் பாதித் தரவு கிடந்தது. செக்டிஸ்க்கின் நோக்கம் கோப்பு முறைமையை முரணில்லாமல் ஆக்குவது. அதற்கு இடைஞ்சலாக இருக்கும் பதிவுகளை அது தயங்காமல் வெட்டும். நல்ல நகல் கையில் இருக்கும்போது அதை ஓட்டிப் பார்ப்பதில் தவறில்லை, அதுவும் நகலின் நகலில்.

லினக்ஸில் துவக்கி ஸ்மார்ட்சிடிஎல் கருவியால் தட்டின் உடல்நிலைக் குறிப்பை மட்டும் படியுங்கள். 5 என்ற எண்ணுள்ள வரி, மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்களைச் சொல்லும். 197 படிக்க முடியாமல் காத்திருப்பவற்றையும், 198 திருத்த முடியாதவற்றையும் சொல்லும். 199 மட்டும் உயர்ந்து மற்றவை சுழியமாக இருந்தால் குற்றவாளி தட்டு அல்ல, சாட்டா கேபிள். அதை மாற்றுவதோடு பிரச்சினை தீர்ந்துவிடக்கூடும். குறிப்பைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீண்ட சுயசோதனை, பரப்புச் சோதனை ஆகியவை தட்டு முழுவதையும் ஒருமுறை படித்துவிட்டு, நமக்கு ஒரு பைட்டையும் தராமல் முடிபவை. அந்த ஒரு சுற்றில்தான் நமக்கு நகல் கிடைத்திருக்க வேண்டும்.

கோப்பு நகல் பாதியில் உறைகிறது. தட்டு திறக்கிறது, ஆனால் சில இடங்களில் சிக்குகிறது

டிடிரெஸ்க்யூ பிறந்ததே இந்த அறிகுறிக்காக என்று சொல்லலாம். படிக்க முடியாத செக்டரைச் சந்தித்த தட்டு, அதையே திரும்பத் திரும்பப் படிக்க முயன்று பல நொடிகளை விழுங்கும். சாதாரண நகல் நிரல் அங்கேயே நின்றுகொண்டு, அந்த ஒரு கெட்ட இடத்துக்காக ஹெட்டைத் தேய்க்கும். டிடிரெஸ்க்யூ அந்த இடத்தைக் குறித்து வைத்துவிட்டுத் தாவிச் செல்லும். எளிதில் வருவதை முதலில் அள்ளும், பிடிவாதம் பிடிப்பதைக் கடைசிக்குத் தள்ளும்.

முதல் ஓட்டத்தில் சிறிய ஆங்கில எழுத்தில் 'டி' (d) என்ற விருப்பத்தைக் கொடுங்கள். கர்னலின் இடைநினைவைத் தவிர்த்துத் தட்டை நேரடியாகப் படிக்க அது உதவும். உடன் சிறிய 'என்' கொடுங்கள். கெட்ட பகுதிகளின் உட்புறத்தையும் செக்டர் செக்டராகப் படித்துப் பார்க்கும் சுரண்டும் கட்டத்தைத் தள்ளிவைக்க அது உதவும். இந்த ஓட்டத்தில் நிரல் 64 கிபிபைட் கட்டிகளாகப் படித்துச் செல்லும். பிழை கண்டால் தாவும், பிறகு எதிர்த்திசையில் திரும்பி வந்து விட்டதை எடுக்கும். அதன்பின் ஒவ்வொரு கெட்ட பகுதியின் இரு ஓரங்களையும் செக்டர் செக்டராகக் கத்தரிக்கும். நல்ல தட்டு விநாடிக்கு 100 மெகாபைட் தந்தால் 1 டெராபைட்டுக்கு 2 மணி 47 நிமிடம் ஆகும். நொந்த தட்டுக்கு ஒரு நாளும் ஆகலாம்.

சுரண்டலை ஏன் தள்ளிவைக்கிறோம் என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். படிக்க முடியாத ஒவ்வொரு செக்டருக்கும் தட்டு 7 விநாடி எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொண்டால், 10,000 செக்டர்களுக்கு ஏறத்தாழ 19 மணி 27 நிமிடம் ஆகும். அந்த 10,000 செக்டர்களில் இருப்பது வெறும் 5 மெகாபைட். மீதமிருக்கும் நூற்றுக்கணக்கான ஜிகாபைட் பத்திரமாக வந்து சேரும் முன் 5 மெகாபைட்டுக்காகத் தட்டைப் பணயம் வைப்பது சரியான கணக்கல்ல.

முதல் ஓட்டம் முடிந்ததும் அதே மூலம், அதே இலக்கு, அதே மேப் கோப்பு ஆகியவற்றோடு 'என்' இல்லாமல் மீண்டும் ஓட்டினால் விடுபட்ட பகுதிகள் மட்டும் சுரண்டப்படும். அதற்கும் மசியாதவற்றுக்குச் சிறிய 'ஆர்' விருப்பத்தோடு 1 முதல் 3 வரை மறுமுயற்சிகள் கொடுக்கலாம். பெரிய 'ஆர்' என்பது வேறு. அது படிக்கும் திசையைத் தலைகீழாக்கும். ஒரே இடத்தை முன்னிருந்து படித்தால் வராத செக்டர் பின்னிருந்து வருவது உண்டு என்பதால், மறுமுயற்சிகளில் ஒன்றைத் தலைகீழாகக் கொடுப்பது நல்லது. 20, 30 என்று மறுமுயற்சி கொடுத்துவிட்டு உறங்கப் போவதை நான் ஏற்பதில்லை.

மேப் கோப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இலக்கு நகலைவிட விலைமதிப்புள்ளது அதுதான் என்றும்கூடச் சொல்வேன். எந்தெந்தப் பகுதி வந்துவிட்டது என்பதைக் கூட்டல் குறியாலும், தொடாததைக் கேள்விக்குறியாலும், கத்தரிக்க வேண்டியதை உடுக்குறியாலும், சுரண்ட வேண்டியதைச் சாய்கோட்டாலும், கெட்டுப்போனதைக் கழித்தல் குறியாலும் அது பதிவு செய்கிறது. மின்வெட்டு வந்தாலும், கணினி உறைந்தாலும், ஒரு வாரம் கழித்துத் தொடர்ந்தாலும் விட்ட இடத்திலிருந்து வேலை நடப்பது அதனால்தான். அது இல்லாமல் ஓட்டினால் ஒவ்வொரு தடங்கலுக்கும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பென் டிரைவிலிருந்து துவக்கிய லினக்ஸில் தற்காலிக அடைவு நினைவகத்தில்தான் இருக்கிறது. அங்கே மேப் கோப்பை வைத்தால் மின்வெட்டோடு அதுவும் போகும். இலக்குத் தட்டிலேயே வைத்து, இன்னொரு பிரதியைப் பென் டிரைவில் அவ்வப்போது எடுத்து வையுங்கள். யூபிஎஸ் இருந்தால் இந்த வேலைக்குத்தான் அதை முதலில் கொடுக்க வேண்டும். மூலத் தட்டுக்குத் திடீர் மின்தடை நல்லதல்ல.

ஓட்டம் நடக்கும்போது தட்டின் வெப்பத்தையும் கவனியுங்கள். ஒரு சிறிய மின்விசிறியை அதன் எதிரே வைத்தால் போதும். 50 டிகிரியைத் தாண்டினால் கன்ட்ரோல் சி கொடுத்து நிறுத்தி, ஆறவிட்டுத் தொடருங்கள். மேப் கோப்பு இருக்கும்போது நிறுத்துவதால் எந்த இழப்பும் இல்லை.

தட்டு நடுவில் மறைந்துவிடுகிறது

வேகம் சுழியமாகி, பிழைகளின் எண்ணிக்கை மட்டும் திடீரென்று மளமளவென ஏறினால் தட்டு இணைப்பிலிருந்து விழுந்துவிட்டது என்று பொருள். உடனே நிறுத்துங்கள். இல்லாத தட்டைப் படிக்க முயன்ற ஒவ்வொரு இடமும் படிக்க முடியாத பகுதியாகக் குறிக்கப்பட்டு மேப் கோப்பு பொய் சொல்லத் தொடங்கிவிடும். அப்படி நடந்துவிட்டாலும் கலங்க வேண்டாம். பெரிய 'ஏ' விருப்பம், கத்தரிக்காத, சுரண்டாத பகுதிகளை மீண்டும் தொடாதவையாக மாற்றிவிடும். ஓட்டத்துக்கு முந்தைய மேப் கோப்பின் பிரதி இருந்தால் அதைத் திரும்ப வைப்பது இன்னும் சுத்தமான வழி.

காரணத்தை, கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் பதிவில் பார்க்கலாம். லினக்ஸ் கர்னல் ஒரு கட்டளைக்கு 30 விநாடி காத்திருக்கும். தட்டு அதற்கு மேலும் தனக்குள்ளேயே முயன்றுகொண்டிருந்தால் கர்னல் இணைப்பை மீட்டமைக்கும். சில தட்டுகள் அந்த அதிர்ச்சியிலிருந்து திரும்பி வருவதில்லை. ஸ்மார்ட்சிடிஎல் வழியாகத் தட்டின் பிழைமீட்பு நேரத்தை 7 விநாடியாகக் குறைக்க முடிந்தால் குறையுங்கள். வீட்டு உபயோகத் தட்டுகள் பலவற்றில் அந்த வசதி இருக்காது; அப்போது கர்னலின் காத்திருப்பை 180 விநாடியாக உயர்த்துவதே மாற்று. தட்டை மீண்டும் எழுப்ப மின்சாரத்தை முற்றிலும் துண்டித்துக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் விழுகிறது என்றால், அந்த இடத்துக்கு அப்பால் தொடக்க நிலையை அமைத்து மற்றதை முதலில் எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தை மறுமுனையிலிருந்து அணுகுங்கள்.

தொடக்கம் முதலே விநாடிக்குச் சில கிலோபைட்தான் வருகிறது

பிழை எதுவும் இல்லை, ஆனால் வேகமும் இல்லை என்றால் கேபிளையும் யூஎஸ்பி துளையையும் மாற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் மாற்றமில்லையென்றால் தட்டின் உள்நிரல் தன் பிழைப் பட்டியலைச் சீரமைப்பதிலேயே மூழ்கியிருக்கலாம். விநாடிக்கு 50 கிலோபைட் என்றால் 1 டெராபைட்டுக்கு 230 நாட்களுக்கு மேல் ஆகும் என்பதால், பொறுமையால் இதை வெல்ல முடியாது. தட்டின் உள்நிரலோடு பேசும் கருவிகள் ஆய்வகங்களிடம் உண்டு. தரவு முக்கியமென்றால் இங்கேயே நிறுத்திவிட்டு அங்கே கொடுங்கள். ஆனால் ஓரிடத்தில் வேகமாகவும் இன்னோரிடத்தில் மெதுவாகவும், சீரான இடைவெளியில் பட்டை பட்டையாக மாறிமாறி வந்தால், பல ஹெட்களில் ஒன்று மட்டும் நொந்திருக்கிறது என்று கொள்ளலாம். அப்போது குறைந்தபட்ச வேகத்தை நிர்ணயிக்கும் சிறிய 'ஏ' விருப்பத்தைக் கொடுத்தால், மெதுவான பட்டைகளைத் தாவி நல்ல ஹெட்களின் பங்கு முதலில் வந்து சேரும். டிடிரெஸ்க்யூவியூ என்ற நிரலில் மேப் கோப்பைத் திறந்தால் இந்தப் பட்டைகள் நிறங்களாகவே தெரியும்.

கொள்ளளவு தவறாகக் காட்டுகிறது

3 டெராபைட் தட்டு 801 ஜிகாபைட்டாக, அல்லது விண்டோஸ் கணக்கில் 746 ஆகத் தெரிந்தால் தட்டுக்கு ஒன்றுமில்லை. 32 இரும இலக்கங்களுக்குள் (பிட்) செக்டர் எண்களை அடக்கும் பழைய யூஎஸ்பி அடாப்டர் 2.2 டெராபைட்டைத் தாண்டி எண்ணத் தெரியாமல் மீதியை மட்டும் காட்டுகிறது. இந்த நிலையில் நகல் எடுத்தால் கால்வாசி நகல்தான் கிடைக்கும், அதுவும் முடிந்துவிட்டதாகவே காட்டும். எனவே தொடங்குமுன் கொள்ளளவைச் சீட்டோடு ஒப்பிடுவதை வழக்கமாக்குங்கள். கொள்ளளவு சுழியமாகக் காட்டினால் உள்நிரல் தன் சேவைப் பகுதியைப் படிக்க முடியாமல் நிற்கிறது. எஸ்எஸ்டி ஒன்று தன் மாடல் பெயரை மறந்து 'சாட்டாஃபர்ம் எஸ்11' என்று அறிமுகப்படுத்திக்கொண்டாலும் அதே வகைப் பழுதுதான். இவை இரண்டிலும் டிடிரெஸ்க்யூவால் செய்யக்கூடியது எதுவுமில்லை.

தட்டு நலமாக இருக்கிறது. கோப்பைத்தான் தவறுதலாக அழித்துவிட்டேன்

சுழலும் தட்டென்றால் அதில் எதையும் எழுதாமல் உடனே அணைத்து, மேற்சொன்னபடி நகல் எடுங்கள். மீட்பு மென்பொருளைத் தரவு இருந்த தட்டிலேயே நிறுவுவது, அழிந்த கோப்பின் மீதே அதை எழுதிவிடக்கூடும். எஸ்எஸ்டியில் நிலைமை வேறு. அழித்த இடங்கள் இனி வேண்டாம் என்று இயங்குதளம் அனுப்பும் டிரிம் கட்டளைக்குப் பிறகு, அழித்த இடங்களைப் படித்தால் பெரும்பாலும் சுழியங்களே வரும். நகல் பிழையின்றி முடியும். உள்ளே கோப்பு இருக்காது.

நகல் முடிந்தது, ஆனால் திறக்கவில்லை

நகலையும் மூலத்தையும் ஒரே நேரத்தில் விண்டோஸில் இணைக்காதீர்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதைக் கண்டு அது ஒன்றை முடக்கி வைக்கும்; அதை நாம் இயக்கினால் அடையாளத்தையே மாற்றி எழுதும். மூலத்தைக் கழற்றி உறையிலிட்டு அலமாரியில் வையுங்கள். இமேஜ் கோப்பை லினக்ஸில், கோப்பையே ஒரு தட்டுபோலக் காட்டும் லூப் சாதனமாக, படிக்க மட்டும் என்ற விருப்பத்தோடும் பார்ட்டிஷன்களைத் தேடும் விருப்பத்தோடும் இணையுங்கள். எக்ஸ்ட்4 ஆக இருந்தால் மவுன்ட் செய்யும்போது 'நோலோட்' என்பதையும், எக்ஸ்எஃப்எஸ் ஆக இருந்தால் 'நோரெகவரி' என்பதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். படிக்க மட்டும் என்று சொன்னாலும், அவை மாற்றங்களைக் குறித்து வைக்கும் தம் பதிவேட்டை மீண்டும் ஓட்டி, எழுதப் பார்க்கும்.

பார்ட்டிஷனே தெரியவில்லை என்றால் உறையை நினைவுபடுத்திப் பாருங்கள். பெரிய கொள்ளளவுள்ள சில யூஎஸ்பி உறைகள் 512 பைட் செக்டர்களை 4096 பைட் செக்டர்களாக மாற்றிக் காட்டும். உறையைக் கழற்றி சாட்டா வழியாக எடுத்த நகலில் பார்ட்டிஷன் அட்டவணையின் எண்கள் எட்டில் ஒரு பங்கு தூரத்தைச் சுட்டும். லூப் சாதனத்தின் செக்டர் அளவை 4096 என்று கொடுத்து இணைத்தால் எல்லாம் தன் இடத்துக்கு வரும். வேறு சில உறைகள், கடவுச்சொல் வைக்காதபோதும், தரவைப் பாலச் சில்லிலேயே மறைகுறியாக்கி எழுதுபவை. அவற்றின் நகல் முழுவதும் பொருளற்ற இரைச்சலாகத் தெரியும், அந்தப் பலகை கைவசம் இருக்கும்வரை நம்பிக்கை உண்டு. அதைத் தூக்கி எறியாதீர்கள். விண்டோஸின் மறைகுறியாக்க வசதியான பிட்லாக்கர் போட்ட தட்டை மறைகுறியோடு அப்படியே நகலெடுத்து, 48 இலக்க மீட்புச் சாவியை நகலின் மீது பயன்படுத்துங்கள்.

இவை எதுவும் இல்லாமல் கோப்பு முறைமை மட்டும் சிதைந்திருந்தால், இமேஜ் கோப்பை இன்னொரு முறை பிரதியெடுத்து, அந்த இரண்டாம் பிரதியில் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக், டிஎம்டிஇ போன்ற மீட்பு மென்பொருள்களை ஓட்டிப் பாருங்கள். பெயர்களும் கோப்புறைகளும் தேவையென்றால் ஃபோட்டோரெக்கைக் கடைசியில் வையுங்கள். அது கோப்பின் உள்ளடக்க அடையாளத்தை மட்டுமே பார்த்து எடுப்பதால் பெயரெதுவும் மிஞ்சாது.

99.99 விழுக்காடு வந்துவிட்டது. எந்தக் கோப்புகள் கெட்டன என்று தெரியவில்லை

1 டெராபைட்டில் 0.01 விழுக்காடு என்பது 100 மெகாபைட். அது ஒரே திரைப்படக் கோப்பின் நடுவிலும் இருக்கலாம், ஆயிரம் புகைப்படங்களில் சிதறியும் கிடக்கலாம். முன்பு பயன்படுத்திய தட்டில் நேரடியாகத் தட்டுக்குத் தட்டு நகல் எடுத்திருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. படிக்க முடியாமல் விட்ட இடங்களில் அந்தத் தட்டின் பழைய தரவு அப்படியே இருக்கும், உங்கள் கோப்புக்குள் வேறு யாருடைய கோப்போ நுழைந்ததுபோல ஆகும். இமேஜ் கோப்பாக எடுத்ததில் அந்த இடங்கள் சுழியங்களாக இருக்கும், ஆனால் சுழியங்கள் இயல்பாகவும் கோப்புகளில் வருபவை என்பதால் அவற்றை வைத்து அடையாளம் காண முடியாது.

டிடிரெஸ்க்யூவின் நிரப்பும் முறை இங்கே உதவும். வேறெந்தக் கோப்பிலும் வர வாய்ப்பில்லாத ஒரு சொற்றொடரைச் சிறிய உரைக் கோப்பில் எழுதி, அதை மூலமாகவும், இமேஜின் இரண்டாம் பிரதியை இலக்காகவும், மேப் கோப்பின் பிரதியை மூன்றாவதாகவும் கொடுத்து, நிரப்பும் முறையில் கழித்தல் குறியைத் தேர்ந்தெடுங்கள். கெட்ட செக்டர்கள் ஒவ்வொன்றிலும் அந்தச் சொற்றொடர் திரும்பத் திரும்ப எழுதப்பட்டுவிடும். பிறகு அந்தப் பிரதியைப் படிக்க மட்டும் மவுன்ட் செய்து, கிரெப் கட்டளையால் சொற்றொடரைத் தேடினால், அடிபட்ட கோப்புகளின் பெயர்ப் பட்டியல் அப்படியே கிடைக்கும். பட்டியலில் காணொளிகள் இருந்தால் நொடிப்பொழுது காட்சி கலங்குவதோடு பெரும்பாலும் ஓடிவிடும். ஜேபெக் படத்தில் அடிபட்ட இடத்துக்குக் கீழே நிறம் பிறழ்ந்திருக்கும். ஜிப்பும், உள்ளே ஜிப்பாகவே இருக்கும் புதிய எக்செல், வேர்டு கோப்புகளும் ஒரே செக்டருக்காகத் திறக்க மறுக்கலாம். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, மின்னஞ்சலிலோ பழைய பென் டிரைவிலோ வேறு பிரதி இருக்கிறதா என்று தேடுங்கள். எங்கும் கிடைக்காத, விட்டுவிட மனமில்லாத ஒரு கோப்பு மிஞ்சினால் மட்டும், அலமாரியிலிருக்கும் மூலத்தை எடுத்து, அந்தக் கோப்பு இருக்கும் செக்டர் எல்லைக்குள் மட்டும் இன்னும் மூன்று மறுமுயற்சிகள் கொடுத்துப் பார்க்கலாம்.